வேலி பயிரை மேய்ந்த பிறகு

1980ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி இரவு. தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் பொதுமக்கள் திரண்டு சென்று ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். எம்பிசி என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் குவாங்ஜு நிலையம் அது. மறுநாள் கேபிஎஸ் நிலையமும் எரிந்தது.

தொலைக்காட்சி நிலையத்தின் மீது மக்களுக்கு அவ்வளவு கோபம் ஏன்? மூன்று நாட்களாகத் தங்கள் பிள்ளைகள் தெருவில் அடித்து வீழ்த்தப்படுவதை அவர்கள் கண்ணால் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைத் திறந்தால் நடந்த உண்மை அதில் இல்லை. எதுவுமே நடக்காத ஊர் ஒன்று திரையில் தெரிந்தது. கண்ட உண்மைக்கும் கேட்ட செய்திக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளியைத்தான் அவர்கள் கொளுத்தினார்கள். ஒளிவாங்கியின் முன் அமர்ந்து பேசுவதைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி இது.

நேயர்களே, கொரிய நாடகங்களையும் கொரியப் பாடல்களையும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கரைத்துக் குடித்திருக்கிறார்கள். அதே கொரியாவிடம் பெரியவர்களாகிய நாம் கற்றுக் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசாங்கம் என்பது மக்களைக் காக்கும் வேலி. அந்த வேலியே பயிரை மேய்ந்து விட்டால், பிறகு அந்த நாடு என்ன செய்ய வேண்டும்? "நடந்தது நடந்து விட்டது, பழைய புண்ணைக் கிளற வேண்டாம்" என்று போய்விடலாமா? அல்லது, நடந்ததைத் தேடி எடுத்து நேருக்கு நேர் பார்க்க வேண்டுமா?

குவாங்ஜுவில் நடந்தது என்ன?

பதினெட்டு ஆண்டுகள் தென் கொரியாவை ஆண்ட அதிபர் பார்க் சுங் ஹீ 1979 அக்டோபர் 26ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். இனி மக்களாட்சி மலரும் என்று மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால், அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி சுன் டூ ஹுவான் என்ற தளபதியும் அவருடைய கூட்டாளிகளும் இராணுவத்தைத் தங்கள் கைக்குள் கொண்டு வந்தார்கள். 1980 மே 17ஆம் தேதி நள்ளிரவில் இராணுவச் சட்டம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங் கைது செய்யப்பட்டார். அவர் குவாங்ஜு அமைந்திருக்கும் தென் சொல்லா வட்டாரத்தைச் சேர்ந்தவர்.

மறுநாள் காலை, குவாங்ஜுவின் சொன்னாம் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கூடினார்கள். அவர்களைக் கலைக்க வந்தவர்கள் போலீசார் மட்டும் அல்லர். போர்க்களத்துக்குப் பயிற்சி பெற்ற வான்குடைப் படையினரும் வந்தார்கள். தடியாலும் துப்பாக்கி முனைக் கத்தியாலும் மாணவர்களைத் தாக்கினார்கள். தடுக்க வந்த பெற்றோரையும் வழிப்போக்கர்களையும் விட்டு வைக்கவில்லை. அதைப் பார்த்த நகரமே எழுந்தது. மே 20ஆம் தேதி மாலை டாக்சி ஓட்டுநர்களும் பேருந்து ஓட்டுநர்களும் முகப்பு விளக்குகளை எரிய விட்டுக் கொண்டு வரிசையாக வண்டிகளைச் செலுத்தி வந்து மக்களோடு நின்றார்கள்.

மே 21ஆம் தேதி பிற்பகலில் மாநில அரசு அலுவலகத்தின் முன் கூடியிருந்த மக்கள் மீது இராணுவம் சுட்டது. மக்களும் ஆயுதக் கிடங்குகளைத் திறந்து துப்பாக்கி எடுத்தார்கள். இராணுவம் நகரத்தை விட்டுப் பின்வாங்கியது. அடுத்து வந்த நாட்களில் அந்த நகரத்தை மக்களே நடத்தினார்கள். பெண்கள் சோற்றை உருட்டி எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் இரத்தம் கொடுக்க மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். மே 27ஆம் தேதி விடியும் முன் கவச வண்டிகளுடன் திரும்பி வந்த இராணுவம், அரசு அலுவலகத்துக்குள் இருந்த கடைசி இளைஞர்களையும் வீழ்த்தி நகரத்தைப் பிடித்தது. அரசு ஏற்றுக் கொண்ட கணக்கிலேயே 160க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். காணாமல் போனவர்கள் தனி. இன்றும் சில குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை.

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி சுன் அதிபராகப் பதவி ஏற்றார். குவாங்ஜுவில் நடந்ததற்கு அரசு வைத்த பெயர், கலவரம். கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்றும் சொல்லப்பட்டது. தூண்டி விட்டதாகச் சொல்லி, மே 17ஆம் தேதியே கைதாகி இருந்த கிம் டே ஜுங்குக்கு மரண தண்டனை விதித்தார்கள். வெளிநாடுகளின் நெருக்குதலால் அவர் உயிர் பிழைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் தோக்கியோவில் இருந்து பறந்து வந்து, சியோலில் ஒரு டாக்சியைப் பிடித்து, காவல் தடைகளைத் தாண்டிக் குவாங்ஜுவுக்குள் நுழைந்தார். தாம் எடுத்த படச்சுருள்களை பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்து நாட்டை விட்டுக் கொண்டு போனார். அந்தப் படம் ஜெர்மனித் தொலைக்காட்சியில் ஓடியது. பின்னர் கொரியாவுக்குள்ளேயே தேவாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் திருட்டுத்தனமாகத் திரையிடப்பட்டது. அரசாங்கத் தொலைக்காட்சி மறைத்ததைச் சுவரில் தொங்கிய வெள்ளைத் துணி காட்டியது. 2016ஆம் ஆண்டு ஹின்ஸ்பீட்டர் காலமான பிறகு, அவருடைய விருப்பப்படி, அவருடைய தலைமுடியும் நகமும் குவாங்ஜுவில் அடக்கம் செய்யப்பட்டன.

ஐந்து கோரிக்கைகள்

கடந்த காலத்தை எதிர்கொள்வது என்றால் என்ன செய்வது? வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டால் முடிந்ததா? குவாங்ஜு மக்கள் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார்கள். அவர்கள் கேட்டவை ஐந்து. உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். பொறுப்பானவர்களைத் தண்டிக்க வேண்டும். களங்கப்பட்டவர்களின் மானத்தை மீட்க வேண்டும். முறையான இழப்பீடு கொடுக்க வேண்டும். நினைவைப் போற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும். உலகில் எந்த நாட்டுக்கும் பொருந்தும் பட்டியல் இது. இந்த ஐந்தில் ஒன்றைச் செய்துவிட்டு மற்ற நான்கையும் மறந்து விடலாம் என்றுதான் அரசுகள் பெரும்பாலும் நினைக்கின்றன. கொரிய அரசும் அப்படித்தான் நினைத்தது.

1987 ஜூன் மாதம் நாடே தெருவில் இறங்கிப் போராடியதால், மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. ஆனால், எதிர்க்கட்சி வாக்குகள் பிரிந்ததால் சுன்னின் கூட்டாளியான ரோ டே வூவே வெற்றி பெற்றார். 1988 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கட்சி பெரும்பான்மையை இழந்தது. அந்தப் பலத்தில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்ற விசாரணையைக் கொண்டு வந்தன. அது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளியேறியது. நேற்று வரை எதிரே நிற்கவும் அஞ்ச வேண்டியிருந்த தளபதிகளைச் சாதாரண உறுப்பினர்கள் கேள்வி கேட்பதை நாடே உட்கார்ந்து பார்த்தது. அந்த விசாரணைகளில் புகழ் பெற்ற ரோ மூ ஹியுன் என்ற வழக்கறிஞர் பின்னாளில் நாட்டின் அதிபரே ஆனார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பொய் பேசிய அதே பெட்டி, இப்போது உண்மைக்கு இடம் கொடுத்தது.

அதே காலத்தில் பெயரும் மாறியது. கலவரம் என்ற சொல் போய், குவாங்ஜு மக்களாட்சி இயக்கம் என்று அரசே சொல்லத் தொடங்கியது. வெறும் பெயர்தானே என்று நினைக்காதீர்கள். மகன் கலகக்காரன் என்ற பழியோடு எட்டு ஆண்டுகள் வாழ்ந்த தாய்க்கு, அந்த ஒரு சொல் மாறியது எவ்வளவு பெரிய விஷயம்!

1990ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. கொரிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. சட்டப்படி நடந்த செயலால் ஒருவருக்கு நட்டம் வந்தால், உதாரணமாகச் சாலை போட நிலம் எடுத்தால், அரசு கொடுப்பது போசாங். சட்டத்தை மீறித் தீங்கு செய்தவர் கொடுக்க வேண்டியது பேசாங். அரசு கொடுத்தது போசாங்! குற்றத்தை ஒப்புக் கொள்ளாமல் பணத்தை மட்டும் நீட்டியது. அதோடு, இதை வாங்கிக் கொண்டால் மன வேதனைக்காக வழக்குப் போட முடியாது என்ற நிலையும் இருந்தது. அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பு அளித்தது. ஒரு சொல்லுக்காக முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வென்றவனைத் தண்டிக்க முடியுமா?

ஐந்தில் கடினமானது தண்டனை. 1995 ஜூலை மாதம் அரசு வழக்கறிஞர்கள் சுன் மீது வழக்குத் தொடர மறுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: ஆட்சிக் கவிழ்ப்பு வெற்றி பெற்று விட்டது, வெற்றி பெற்றவர் அரசாங்கமே ஆகிவிட்டார், அரசாங்கத்தை எப்படித் தண்டிப்பது? அதாவது, சிறிய திருடனுக்குச் சிறை, ஊரையே திருடியவனுக்கு நாற்காலி!

மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் 'மணல் கடிகாரம்' என்ற தொலைக்காட்சி நாடகம் குவாங்ஜு நிகழ்வுகளைக் கதையாக்கி நாட்டையே திரையின் முன் உட்கார வைத்திருந்தது. அக்டோபரில் ரோ டே வூவின் இரகசியப் பணக் குவியல் அம்பலமானது. டிசம்பரில் சிறப்புச் சட்டம் நிறைவேறியது. வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்து விட்டது என்று குற்றவாளிகள் தப்பிக்க முடியாதபடி, அவர்கள் ஆட்சியில் இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அச்சட்டம். நியாயம்தானே? போலீஸ் நிலையத்தின் சாவியே திருடன் கையில் இருந்த காலத்தில், புகார் கொடுக்கவில்லை என்று பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்ல முடியுமா?

1996 ஆகஸ்ட் 26ஆம் தேதி இரண்டு முன்னாள் அதிபர்கள் சிறை உடையில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். சுன்னுக்கு மரண தண்டனை. ரோவுக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகவும் 17 ஆண்டாகவும் குறைந்தது. 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆட்சிக் கவிழ்ப்பு வெற்றி பெற்றாலும் அது குற்றமே என்பது அன்று சட்டமானது.

மன்னிப்பும் மறதியும்

ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். மன்னிப்பு வழங்கிய அதிபர் கிம் யோங் சாம். அதற்கு இணங்கியவர் அடுத்த அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த கிம் டே ஜுங். ஆம், 1980இல் சுன்னின் ஆட்சியில் மரண தண்டனை பெற்ற அதே மனிதர்! நாட்டின் ஒற்றுமைக்காக என்றார்கள். தனி மனிதராக அவருடைய பெருந்தன்மை வணங்கத்தக்கது. ஆனால், மன்னிப்புக் கேட்காதவனை மன்னித்தால் என்ன ஆகும்?

சுன் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. நீதிமன்றம் கட்டச் சொன்ன 22,050 கோடி வோனை முழுதாகக் கட்டாமலேயே வாழ்ந்தார். 2017இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்பில், ஹெலிகாப்டரில் இருந்து இராணுவம் சுட்டதைக் கண்டதாகச் சாட்சி சொன்ன ஒரு பாதிரியாரைப் பொய்யர் என்று இழித்தார். அந்தப் பாதிரியார் அப்போது உயிரோடு இல்லை. 2018இல் தற்காப்பு அமைச்சின் சிறப்பு விசாரணைக் குழுவே, ஹெலிகாப்டரில் இருந்து சுட்டது உண்மை என்று உறுதி செய்தது. 2020 நவம்பரில் நீதிமன்றம் சுன்னுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தது. மேல்முறையீடு முடியும் முன்பே, 2021 நவம்பர் 23ஆம் தேதி அவர் இறந்தார். 2023இல் அவருடைய பேரன் குவாங்ஜுவுக்கு வந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். தாத்தா விட்டுப் போன கடனைப் பேரன் தீர்க்க வந்த காட்சி அது.

இதனால்தான் சொல்கிறேன். மன்னிப்பு வேறு, மறதி வேறு. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. மறந்து விடுங்கள் என்று சொல்வது தப்பு செய்தவரின் வசதி. தென் ஆப்பிரிக்கா 1996இல் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணைய விசாரணைகளில், முழு உண்மையைச் சொன்னால் மட்டுமே பொதுமன்னிப்புப் பெறலாம் என்று விதி வைத்தது அதற்காகத்தான். நம் சிலப்பதிகாரத்தில், தவறான தீர்ப்பால் கோவலனைக் கொன்ற பாண்டியன், கண்ணகி சிலம்பை உடைத்ததும் அமைச்சர் மீது பழி போடவில்லை. காலம் கடந்து விட்டது என்றும் வாதாடவில்லை. அவையிலேயே குற்றத்தைத் தன் மீது ஏற்றுக் கொண்டான். அதனால்தான் அவன் பெயர் இன்றும் மரியாதையோடு நிற்கிறது.

44 ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரவு

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு விடை கொடுத்தது. அன்றிரவு பத்தரை மணியளவில் அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாடு கேட்காத சொல் அது. அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை. ஊடகங்கள் இராணுவக் கட்டுப்பாட்டில். 1980இன் அதே சொற்கள்!

ஆனால், மக்கள் 1980இன் மக்களாக இல்லை. நள்ளிரவிலேயே நாடாளுமன்ற வாசலில் குவிந்து இராணுவ வண்டிகளை மறித்தார்கள். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். வீரர்கள் சன்னல்களை உடைத்து நுழைந்தபோதும், அவையில் இருந்த 190 உறுப்பினர்களும் ஒரே குரலில் இராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். அறிவித்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விடிவதற்குள் யூன் பின்வாங்கினார். 1980இல் ஓர் ஒளிப்பதிவாளர் டின்னில் மறைத்துக் கொண்டு போக வேண்டியிருந்த காட்சிகள், இம்முறை அந்தந்த நொடியே கைப்பேசிகளில் நேரடியாக ஓடின. ஒரு சூடு விழவில்லை. ஓர் உயிர் போகவில்லை.

2025 ஏப்ரல் 4ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவியில் இருந்து நீக்கியது. இராணுவச் சட்டம் அவ்வளவு விரைவில் முடிவுக்கு வந்ததற்குக் குடிமக்களின் எதிர்ப்பும், வீரர்களும் போலீசாரும் கட்டளையை அரைமனதாக நிறைவேற்றியதுமே காரணம் என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது. இந்த அரைமனது எங்கிருந்து வந்தது? அந்த இளம் வீரர்கள் குவாங்ஜுவைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள். திரைப்படத்தில் பார்த்தவர்கள். குவாங்ஜுவில் பிறந்த ஹான் காங், அந்த மே மாதத்தைப் பற்றி நாவல் எழுதியவர். அவருக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குவாங்ஜு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால், மேலிடத்துக் கட்டளை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தளபதியும் ஒரு நாள் கூண்டில் நிற்பான் என்று அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு 1997 தீர்ப்பு இல்லாமல் வந்திருக்காது.

கணக்கு இன்னும் முடியவில்லை

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லி உங்களை அனுப்பி வைக்க மாட்டேன். 1980இல் படையினர் பெண்களுக்கு இழைத்த பாலியல் வன்கொடுமைகளை அரசு விசாரித்து ஒப்புக் கொண்டதே 2018இல்தான். அந்த ஆண்டு நவம்பரில் தற்காப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். இருபது வயதில் அடிபட்ட பெண்ணுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. மே 21ஆம் தேதி சுடச் சொன்னது யார் என்பதை, 2019இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் விசாரித்த உண்மை ஆணையத்தாலும் உறுதியாக நிறுவ முடியவில்லை. அறிந்தவர்கள் வாய் திறக்காமலே இறந்து கொண்டிருக்கிறார்கள். தள்ளிப் போடும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சாட்சியைப் புதைக்கிறது. உண்மை புதைந்த இடத்தில் பொய் முளைக்கிறது. குவாங்ஜுவில் கலகம் செய்தது வட கொரியப் படை என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய புண்ணைக் கிளறாதே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மேலே தோல் மூடிய புண் எல்லாம் ஆறிய புண் அல்ல. உள்ளே சீழ் இருந்தால் மருத்துவர் கீறித்தான் ஆக வேண்டும். வலிக்கும். ஆனால், வலிக்கு அஞ்சி விட்டு விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

கடந்த காலத்தை ஒரு நாடு எதிர்கொள்வது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது உண்மைதான். அதைவிட, இன்னும் பாதிக்கப்படாதவர்களுக்கு அது ஒரு காப்பு. 2024இல் நாடாளுமன்ற வாசலில் நின்ற பிள்ளைகள் அன்றிரவு உயிரோடு வீடு திரும்பினார்கள். 1980இல் வீடு திரும்பாத பிள்ளைகளின் தாய்மார்கள் ஓயாமல் கேள்வி கேட்டதும் அதற்கு ஒரு காரணம். எந்த நாட்டில் இருந்தாலும், அத்தகைய கேள்வியோடு ஒரு தாய் நம் முன் வந்து நின்றால், "அதெல்லாம் பழைய கதை" என்று நாம் சொல்லாதிருப்போம்.